முறை சொல்லாத விருந்து

கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் அழகுக்காக ஒரு பித்தளைத் தகடு பதித்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் அதில் உள்ளங்கையை வைத்து, ஒரு மூச்சு நின்று, அப்புறம்தான் உள்ளே காலெடுத்து வைத்தார். பட்டாசுக் கம்பெனியில் ஒவ்வொரு ஷெட் வாசலிலும் இப்படி ஒரு தகடு இருக்கும். உடம்பில் சேர்ந்திருக்கிற மின்சாரம் தரைக்கு இறங்கட்டும் என்று அதைத் தொட்டுவிட்டுத்தான் வெடிமருந்து இருக்கிற இடத்துக்குள் போக வேண்டும். சிவகாசிப் பக்கம் விஸ்வநத்தத்தில் ஒரு கம்பெனிக்குப் போர்மேனாக இருக்கிற என் வீட்டுக்காரர் பலவேசத்துக்கு அது கையோடு ஒட்டிப்போன பழக்கம். பேங்க், ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம் என்று எங்கே போனாலும் வாசலில் ஏதாவது தகடு அகப்பட்டால் தொட்டுவிடுவார். மற்ற நாளாக இருந்தால், "எந்தச் சாமியக் கும்புட்டாச்சு?" என்று நானும் கேலி செய்திருப்பேன். அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜெயக்கொடி உட்கார்ந்து, அவர் தகட்டைத் தொட்டதையும் பிறகு தன் கையையே ஒரு தரம் பார்த்துக்கொண்டதையும் ஒன்று விடாமல் கவனித்துக்கொண்டிருந்தார்.

ஜெயக்கொடி யார் என்று சொல்லிவிடுகிறேன். விருதுநகரில் பருப்பு மண்டி வைத்திருக்கிற மணிகண்டராஜின் மனைவி. அவர்களுடைய மகன் ஸ்ரீராம்குமாரும் எங்கள் மகள் கீர்த்திகாவும் மதுரையில் ஒரே ஆடிட்டரிடம் சி.ஏ.வுக்குப் பயிற்சி எடுத்தவர்கள். கணக்குப் பார்க்கப் போன இடத்தில் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. தீபாவளி முடிந்து ரிசல்ட் வந்தது. இருவரும் பாஸ். கீர்த்திகா அழுதாள், சிரித்தாள், எனக்கு ஒரு முத்தம் கொடுத்தாள், அந்தச் சூட்டோடு சூடாக விஷயத்தையும் சொல்லிவிட்டாள். எனக்கு ஏற்கெனவே தெரியும். போனைப் பார்த்துத் தனியாகச் சிரிக்கிற பிள்ளையைப் பெற்றவளுக்குத் தெரியாதா? இவருக்கும் சம்மதம்தான். மணிகண்டராஜுக்கும் மறுப்பு இல்லை. ஆனால் இரண்டு வீட்டுக்கும் வேண்டிய ஒருவர் மூலமாக ஜெயக்கொடி சொல்லியனுப்பியது இதுதான்: பொண்ணு தங்கம், குடும்பமும் நல்ல குடும்பம், ஆனால் வெடிக்கார வீடு. வருஷா வருஷம் டிவியில் நான் பார்க்கிறேன், அந்த ஊருக்கு என் பிள்ளையைத் தலைத்தீபாவளிக்கு அனுப்பிவிட்டு நான் எப்படித் தூங்குவேன்?

அதைக் கேட்டு எனக்குக் கோபம்தான் வந்தது. நாங்கள் என்ன வீட்டுக்குள்ளேயா வெடி சுற்றுகிறோம்? ஆனால் கீர்த்திகா நிதானமாகச் சொன்னாள். "அவுக அம்மா முழு மனசா சரின்னு சொல்லாம அவன் தாலி கட்டமாட்டாம்மா. நானும் அப்படி ஒரு வீட்டுக்குப் போகமாட்டேன்." சொல்லிவிட்டு மாடிக்குப் போய்ப் பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டாள். குழாய்ச் சத்தத்தில் அழுதால் கீழே கேட்காது என்று இந்த வீட்டில் அவளுக்கு நினைப்பு. எல்லாம் அந்த ஒரு அம்மாவின் ஒரு வார்த்தையில் வந்து நின்றது.

இந்த விருந்து பிள்ளைகள் போட்ட திட்டம். சம்பந்தம் முடிவாகாமல் ஒரு வீட்டில் இன்னொரு வீட்டார் கை நனைக்கக் கூடாது. காபியோடு எழுந்துவிட வேண்டும். காபி குடிக்கிற நேரத்தில் யார் மனசை யார் பார்க்க முடியும்? ஹோட்டல் யார் வீடும் இல்லையே. இரண்டு பிள்ளைகளும் பாஸ் பண்ணியதற்கு ஒரு விருந்து, கூடப் படித்தவர்களின் குடும்பம் சேர்ந்து சாப்பிடுகிறது, அவ்வளவுதான். நாலுவழிச் சாலையில் புதிதாகத் திறந்திருக்கிற ஹோட்டலில் ஆறு பேருக்கு மேஜை சொல்லியிருந்தார்கள். நம்மூர்ச் சாப்பாட்டைப் புது தினுசில் போடுகிற இடம் என்று பேர். சாயங்காலம் மழை விட்ட நேரத்தில் போய் இறங்கினோம். வழியெல்லாம் இவருக்கு நான் பாடம் நடத்திக்கொண்டு வந்தேன். ஷெட் கதை பேசாதீக. மருந்துக் கதை பேசாதீக. பயமா இருக்காதான்னு கேட்டா, அதெல்லாம் ஒண்ணுமில்லன்னு சொல்லுங்க. மனுஷர் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார்.

உள்ளே நிற்க இடமில்லை. தீபாவளி முடிந்து கம்பெனிகளெல்லாம் பூட்டியிருக்கிற இந்த ஒரு மாதம்தான் எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தீபாவளி. ஊரே மத்தாப்புக் கொளுத்துகிற அன்றைக்கு எங்கள் ஆண்கள் அசதியில் குப்புறப் படுத்திருப்பார்கள். அப்புறம்தான் குளித்து, உடுத்தி, பெண்டாட்டி பிள்ளைகளை வெளியே கூட்டிப்போவதெல்லாம். நான் பார்த்த மேஜையில் எல்லாம் தெரிந்த முகம். அச்சங்குளத்துப் போர்மேன் ஒருவர், சாத்தூர்ப் பக்கத்து ஏஜெண்ட் குடும்பம், எங்கள் கம்பெனிக்கு லாரி ஓட்டி லோடு அடிக்கிற ஊர்க்காவலன் என்று ஒருத்தன். "என்ன போர்மேன், இம்புட்டுத் தூரம்?" என்று அவன் அங்கிருந்தே கத்தினான். ஜெயக்கொடி தன் தண்ணீர் டம்ளரைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்.

உட்கார்ந்த பிறகுதான் உண்மையான கஷ்டம் தெரிந்தது. யாரை யார் என்னவென்று கூப்பிடுவது? நான் ஜெயக்கொடியை வாய் தவறி அக்கா என்று சொல்லிவிட்டால், பிள்ளைகள் இரண்டும் அண்ணன் தங்கச்சி ஆகிவிடும். மதினி என்று சொல்லிவிட்டால், கேட்காமலே சம்பந்தம் பேசி முடித்த மாதிரி. வழியில் போகிற ஆளைக்கூட அண்ணாச்சி என்கிற என் வீட்டுக்காரர், மணிகண்டராஜைப் பார்த்து, "வாங்க முதலாளி, உக்காருங்க முதலாளி" என்று ஆரம்பித்தார். அவர் பதிலுக்கு இவரை, "போர்மேன் சார்" என்றார். நானும் ஜெயக்கொடியும் ஒருவரையொருவர், "இங்க பாருங்க", "அதக் கொஞ்சம்" என்றே ஓட்டினோம். ஸ்ரீராம்குமார் என்னை ஆன்ட்டி என்றான். எந்த முறையிலும் சேராத அந்த ஒரு வார்த்தையைக் கண்டுபிடித்த இங்கிலீஷ்காரன் நன்றாக இருக்கட்டும். கீர்த்திகா யாரையும் எதுவும் கூப்பிடாமல், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டு, கழுத்து மூடிய ஜாக்கெட்டில் வேர்த்துப்போய் உட்கார்ந்திருந்தாள்.

நல்லவேளை, சாப்பாடு வந்து கொஞ்சம் காப்பாற்றியது. கறுப்புச் சட்டைப் பையன் ஒருவன் ஆளுக்கொரு பெரிய தட்டை வைத்தான். தட்டு எங்கள் வீட்டு முறத்தளவு. நடுவில் எட்டணாக் காசு அகலத்துக்குப் பொரித்த பரோட்டா ஒன்று, அதன் தலையில் ஒரு வெங்காய வளையம், பக்கத்தில் நுரையாக ஏதோ. "சார், இது எங்க ஸ்பெஷல். விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டா, சால்னா நுரையோட" என்றான். மணிகண்டராஜ் தட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"தம்பி, இதுல மீதி எங்கன?"

"இவ்வளவுதான் சார். டேஸ்டிங் போர்ஷன்."

"நான் பொறந்து வளந்தது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால. எங்க ஊர்ப் பரோட்டாவ என்கிட்டயே சாம்பிள் காட்டுறீகளே!"

என் வீட்டுக்காரர் சத்தமாகச் சிரித்துவிட்டார். மணிகண்டராஜ் அந்த நாணயத்தை வாயில் போட்டார், கண்ணை மூடினார், திறந்தார். "ஏலே, நல்லா இருக்குலே" என்று மகனிடம் சொல்லிவிட்டு இன்னும் ஆறு தட்டு கொண்டுவரச் சொன்னார். அந்த நிமிஷமே அவர் எங்கள் கட்சி. அடுத்து சாத்தூர்ச் சேவை நொறுக்கித் தயிரும் மாதுளையும் போட்டு ஒன்று வந்தது. பணியாரத்துக்குள் காளான் வைத்து ஒன்று வந்தது. எல்லாமே ருசிதான், பொய் சொல்லக் கூடாது. ஆனால் ஜெயக்கொடி எதையும் ஸ்பூன் நுனியால் தொட்டு நாக்கில் வைப்பதும் கீழே வைப்பதுமாக இருந்தார். ஆள் கெட்டவர் இல்லை என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. கீர்த்திகாவின் தட்டில் பணியாரம் தீர்ந்ததும் தன் தட்டில் இருந்ததை எடுத்து வைத்தார். அவளுடைய ரிசல்ட் பற்றி விவரமாகக் கேட்டார். தன் மகன் இதுவரை ஒரு ஊசிப்பட்டாசுகூட வெடித்ததில்லை என்று ஸ்ரீராம்குமார் தலையைக் குனிந்துகொள்ளும்படி சொன்னார். தீபாவளிக்கு விடிய எண்ணெய் தேய்த்துக் குளித்து, கதவு ஜன்னலெல்லாம் சாத்திக்கொண்டு தோசை சாப்பிட்டுவிட்டு டிவி பார்ப்பார்களாம். சிவகாசிக்கு முக்கால் மணி நேரத் தூரத்தில் இருந்துகொண்டு இப்படி ஒரு வீடு!

அப்புறம் அவர் என் வீட்டுக்காரரை நேராகப் பார்த்தார். அதற்காகத்தான் வந்திருக்கிறார் என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

"தெனமும் அதுக்குள்ளதான வேல. ஒங்களுக்குப் பயமா இருக்காதா?"

இவர் என்னைப் பார்த்தார். நான் மேஜைக்கு அடியில் காலால் ஒரு தட்டு தட்டினேன்.

"பயமா? அதெல்லாம் ஒண்ணுமில்லங்க. பழகிப்போச்சு" என்றார், நான் சொல்லிக்கொடுத்தது போலவே.

ஜெயக்கொடியின் முகம் மாறியதைப் பார்த்தேன். கோபம் இல்லை. நினைத்தது சரியாகப் போயிற்று என்கிற ஒரு சோர்வு. ஸ்பூனைத் தட்டின் ஓரத்தில் வைத்து, வாயைத் துடைத்து, துண்டை மடித்தார். "பழகிப்போச்சு" என்று தனக்குத்தானே ஒரு தரம் சொல்லிக்கொண்டார். நெருப்புக்கு நடுவில் பயமில்லாமல் நடமாடுகிற ஆளின் வீட்டில் எந்தத் தாய் பிள்ளையைக் கொடுப்பாள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. வாய்க்குள்ளேயே என்னைத் திட்டிக்கொண்டேன். கீர்த்திகா தலையைக் குனிந்து பணியாரத்தைச் சின்னச் சின்னதாகப் பிய்த்துக்கொண்டிருந்தாள். சாப்பிடவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் கறுப்புச் சட்டைப் பையன் ஒரு மண்சட்டியைக் கொண்டுவந்து மேஜை நடுவில் வைத்தான். "உங்க மட்டன் சுக்கா" என்று சொல்லி மூடியைத் திறந்துவிட்டு, அடுத்த மேஜைக்குப் போய்விட்டான்.

இவர் அப்போது எங்களுக்கு முகம் காட்டாமல் திரும்பிக்கொண்டு, ஊர்க்காவலனின் கைக்குழந்தைக்கு ஏதோ சைகை செய்துகொண்டிருந்தார். அந்தச் சங்கடத்தில் வேறென்ன செய்வார் பாவம். திரும்பியபோது மேஜை விளிம்பில் வெள்ளைப் புகை வழிந்துகொண்டிருந்தது. சத்தமில்லாமல், தரையைப் பார்த்து, மெத்தென்று இறங்குகிற புகை. கம்பெனியில் மழைக்காலத்தில் ஈரம் பட்ட மருந்துக் கலவை இப்படித்தான் முதலில் பேசாமல் புகையும் என்று அவர் என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அதற்கப்புறம் யோசிக்க நேரம் இருக்காது, காலுக்குத்தான் வேலை. அன்று பகல் முழுக்க மழை வேறு. அவருடைய நாற்காலி பின்னால் விழுந்தது.

"ஏலே, புகையுது! ஷெட்ட விட்டு வெளிய போங்க! எல்லாரும் வெளிய!"

அந்தக் குரலை நான் வீட்டில் கேட்டதே இல்லை. ஆனால் அந்த ஹாலில் இருந்த அத்தனை பேருக்கும் அது தெரிந்த குரல். ஒருவர்கூட என்ன, எங்கே என்று கேட்கவில்லை. ஒருவர்கூடக் கூச்சல் போடவில்லை. நாற்காலிகளை மொத்தமாகப் பின்னால் தள்ளுகிற ஒரே ஒரு சத்தம், அவ்வளவுதான். முன்வாசல், பக்கவாசல், கை கழுவுகிற இடத்துக்குப் பின்னால் இருந்த கதவு, சமையல்கட்டுக் கதவு என்று எது பக்கமோ அது வழியாக ஊரே வெளியேறியது. செல்போனை எடுக்கக் கை நீட்டியவன் ஒருத்தனும் இல்லை. ஊர்க்காவலன் ஒரு இடுப்பில் குழந்தையும் இன்னொரு கையில் கோழிக்காலுமாக ஓடினான். இவர் ஸ்ரீராம்குமாரைச் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கி வாசல் பக்கம் தள்ளினார். "தங்கம், அவுகளக் கூட்டிட்டு ஓடு!" என்று எனக்கு ஒரு கத்து. நான் ஜெயக்கொடியின் மணிக்கட்டைப் பிடித்தேன். அவருடைய ஒரு செருப்பு மேஜைக்கடியிலேயே போயிற்று, இன்னொன்று வாசற்படியில்.

இதில் அறியாப்பிள்ளை ஒருவர்தான். மணிகண்டராஜ். பருப்பு மண்டியில் புகைந்தால் தண்ணீர் ஊற்றுவதுதான் வழக்கம் போல. ஜாடித் தண்ணீரை எடுத்து அப்படியே சட்டிக்குள் கவிழ்த்தார். அவ்வளவுதான், பொங்கியது பாருங்கள் புகை. மேஜை போயிற்று, அவருடைய தொப்பை போயிற்று, அவரே போய்விட்டார். வெள்ளைக்குள்ளிருந்து என் வீட்டுக்காரரின் குரல் மட்டும் வந்தது.

"தண்ணி ஊத்தாதீக மச்சான்! வுட்டுட்டு வாங்க மச்சான்!"

ஈரப் புல்தரையில் வந்து நின்றோம். மணிகண்டராஜ் புகையோடு புகையாக வெளியே தள்ளப்பட்டு வந்து விழுந்தார். இவர் வரவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளையாகத் தெரிந்தது, அதற்குள் இவர் குனிந்து குனிந்து ஒவ்வொரு மேஜைக்கும் அடியில் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் யாராவது ஒளிந்திருக்கிறார்களா என்று. கத்த வேண்டியது நான். கத்தியது ஜெயக்கொடி. என் கையை உதறிவிட்டு, கண்ணாடி வரைக்கும் ஓடி, அதை இரண்டு கையாலும் அறைந்தார்.

"அண்ணே! வந்துருங்கண்ணே! வெளிய வாங்கண்ணே!"

கடைசி ஆளாக இவர் வந்தார். வந்ததும் எங்கள் பக்கம் விரலை நீட்டித் தலையை எண்ணினார், தன்னையும் சேர்த்து. "ஆறு. நம்ம ஆளுக சரியா இருக்கு" என்றார். பக்கத்துப் புல்தரையில் அச்சங்குளத்துக்காரரும் தன் ஆட்களை அதேபோல் எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணி முடித்து எல்லோரும் கட்டடத்தைப் பார்த்துக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம்.

எதுவும் வெடிக்கவில்லை. கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு மேனேஜர் வந்தார். சென்னைப் பக்கத்துப் பிள்ளை, கழுத்தில் டை. காலியான நாற்காலிகளையும் புல்தரையில் எச்சில் கையோடு நிற்கிற கூட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சார், அது டிரை ஐஸ் சார். ஐஸ்கட்டிதான். புகை மாதிரி வரும், சும்மா அழகுக்கு வைப்போம். கறி தனிக் கிண்ணத்துல இருக்கு சார்."

முதலில் சிரித்தது மணிகண்டராஜ். தொப்பை குலுங்கக் குலுங்கச் சிரித்தார். "ஐஸ்கட்டிய அணைக்கத் தண்ணி ஊத்துனேனே!" என்று புல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்புறம் ஊர்க்காவலன், அப்புறம் ஊரே. சிரித்த சிரிப்பில் நாலுவழிச் சாலையில் போன பஸ்ஸின் ஜன்னல்களில் தலைகள் எட்டிப் பார்த்தன. கோழிக்கால் இன்னும் கையில் இருப்பதைக் கண்டுபிடித்து ஊர்க்காவலன் அதைக் கடித்தான். "போர்மேன், அடுத்த தடவ ஐஸ்கிரீம் வந்தா முன்னாடியே சொல்லிருங்க, செருப்பு மாட்டிக்கிடுறோம்" என்று யாரோ சொன்னார்கள்.

இவர் மட்டும் சிரிக்கவில்லை. முகம் சுண்டிப்போய், சட்டை நுனியைத் திருகிக்கொண்டு ஓரமாக நின்றார். மகளின் காரியத்தைத் தன் கையால் கெடுத்துவிட்டோம் என்று நினைக்கிறார் என்பது எனக்குத் தெரியும். எனக்கும் அதே நினைப்புதான். கீர்த்திகா அவர் பக்கத்தில் போய் நின்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ஜெயக்கொடி வெறுங்காலோடு புல்லில் நடந்து அவருக்கு எதிரே வந்தார். தலைமுடி கலைந்திருந்தது.

"பழகிப்போச்சுன்னீகளே?"

"பொய்தான் சொன்னேன்" என்றார் இவர். "இவதான் அப்படிச் சொல்லச் சொன்னா."

எனக்கு அந்தப் புல்தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. புருஷனை நம்பி ஒரு ரகசியம் சொல்ல முடியுமா?

"பழகிருச்சுன்னு சொல்றவன நாங்க உள்ளயே விடமாட்டோம்" என்றார் இவர், தரையைப் பார்த்துக்கொண்டு. "பயப்படுறதுக்குத்தான் எனக்குச் சம்பளம். காலையில கேட்டுல நுழையும்போது வயித்துல ஒண்ணு புடிக்கும். சாயங்காலம் எல்லாரையும் எண்ணி வெளிய அனுப்புனாத்தான் அது விடும். வீட்டுல சோறு வடிக்கும்போது ஆவி வந்தாக்கூட ஒரு தடவ எட்டிப் பாத்துக்கிடுவேன். கேலி பண்ணுவாக. என்ன செய்ய?"

ஜெயக்கொடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன். பிறகு என் பக்கம் திரும்பி, "வாங்க, கறி ஆறிப்போயிரும்" என்றார்.

உள்ளே போய்ச் சாப்பிட்டோம். அதற்குப் பேர்தான் சாப்பாடு. பயந்து ஓடியவர்களுக்கு வருகிற பசி இருக்கிறதே, அது தனிப் பசி. மேனேஜர் ஒவ்வொரு தட்டும் வெளியே வருமுன் எங்கள் மேஜைக்கு வந்து, "சார், அடுத்து ரசம் வருது. லேசா ஆவி வரும் சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஜெயக்கொடி ஸ்பூனை ஓரமாக வைத்துவிட்டுச் சுக்காவைச் சோற்றில் போட்டுப் பிசைந்தார். மணிகண்டராஜும் இவரும் எந்தக் கடையில் எந்தக் கறி என்று தோளில் கைபோட்டுப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். யாரும் கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மச்சான் என்றதையும் அண்ணே என்றதையும் நாங்கள் நாலு பேரும் கேட்டோம், நாலு பேரும் கேட்காத மாதிரியே இருந்தோம். கீர்த்திகா மட்டும் அடிக்கடி என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்லட்டும்? எனக்கே தெரியவில்லை. பொறு, சாப்பிடு என்று கண்ணால் சொன்னேன்.

கடைசியில் பிள்ளைகள் பாஸ் பண்ணியதற்குக் கருப்பட்டி கேக் வந்தது. அதன் நடுவில் பொறி பறக்கிற மெழுகுவத்தி ஒன்று. மேனேஜர் லைட்டரைக் கையில் வைத்துக்கொண்டு இவர் முகத்தையே பார்த்தார். ஹாலும் பார்த்தது. இவர் கேக்கைப் பார்த்தார், கூரையில் தொங்குகிற துணித் தோரணத்தைப் பார்த்தார். "இங்கன வேணாம். கொளுத்துறதா இருந்தா வெளியில" என்றார். அவ்வளவுதான், ஊர்க்காவலன் எழுந்தான். எங்கள் ஊர் வண்டிகளில் ஸ்டெப்னி இல்லாமல் இருக்கும், மத்தாப்புப் பெட்டி இல்லாமல் இருக்காது. "டிக்கியில வச்சுக்கிட்டா சுத்துற? அறிவிருக்கா ஒனக்கு?" என்று இவர் அவனைத் திட்டத் திட்ட, கம்பி மத்தாப்புப் பெட்டிகள் வந்து இறங்கின. இரண்டாவது தடவையாக அந்த ஹோட்டல் காலியானது. இந்தத் தடவை செருப்பு அகப்பட்டவர்களெல்லாம் அதை மாட்டிக்கொண்டு நடந்தே போனார்கள்.

புல்தரையில் பிள்ளைகள் கொளுத்த ஆரம்பித்தன. ஸ்ரீராம்குமார் கையில் கீர்த்திகா ஒன்றைத் திணித்தாள், அவன் அதைப் பாம்பு பிடிக்கிறவன் போலப் பிடித்துக்கொண்டு நின்றான். எல்லோரும் சிரித்தார்கள். ஜெயக்கொடி வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தார். ஒரு கை காதுக்குப் பக்கத்தில் போயிருந்தது. மத்தாப்பு எங்கே சத்தம் போடப் போகிறது? நான் கூப்பிடவில்லை. யாரும் கூப்பிடவில்லை. அவராகவே படியிறங்கி வந்தார்.

"எனக்கு ஒண்ணு குடுங்க" என்றார்.

இவர் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்தார். உடனே கொடுத்துவிடவில்லை. "வெறுங்காலோட பிடிக்கக் கூடாது" என்றார். ஜெயக்கொடியின் செருப்பு எங்கே சிதறிக் கிடக்கிறதோ, நான் என் செருப்பைக் கழற்றி அவர் முன்னால் போட்டேன். "முந்தானைய இழுத்துச் சொருகுங்க" என்றார் இவர். அவர் செருகினார். "கைய நல்லா நீட்டிக்கிடுங்க. மொகத்தத் திருப்பிக்கிடலாம், தப்பில்ல." ஜெயக்கொடி முகத்தை முழுக்கத் திருப்பி என் பக்கம் வைத்துக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடி, கையை மட்டும் அந்தப் பக்கம் நீட்டினார். இவர் பற்றவைத்தார்.

சடசடவென்று அது பூக்க ஆரம்பித்தது. "எம்புட்டு நேரம் பிடிக்கணும்?" என்று கேட்டார் ஜெயக்கொடி. "அது முடியுற வரைக்கும்" என்றார் இவர். அவர் மெல்ல ஒரு கண்ணைத் திறந்தார், அப்புறம் இன்னொன்றை. அப்புறம் தலையைத் திருப்பித் தன் கையைப் பார்த்தார். பொறிகள் ஈரப் புல்லில் விழுந்து அணைந்துகொண்டிருந்தன. ஒன்றிரண்டு அவர் புறங்கையிலும் விழுந்தன. அவர் கம்பியை விடவில்லை.

கீர்த்திகா தன் மத்தாப்பைக் கொளுத்த நெருப்புத் தேடிக்கொண்டிருந்தாள். நாள் முழுக்க மழையில் நின்ற காரிலிருந்து வந்த பெட்டி, ஈரம் ஏறியிருந்தது, லேசில் பற்றவில்லை. தயங்கித் தயங்கி ஜெயக்கொடியின் எதிரே போய் நின்று, தன் கம்பியின் நுனியை அவருடைய நெருப்போடு சேர்த்துப் பிடித்தாள். பற்றவில்லை. எடுத்துவிடலாம் என்று அவள் கையைப் பின்னால் இழுத்தபோது, ஜெயக்கொடி ஒரு எட்டு முன்னால் வைத்து, கையை இன்னும் கொஞ்சம் நீட்டி, பற்றட்டும் என்று பிடித்துக்கொண்டு நின்றார்.